கணக்கில் ஏறாத களவு

2024-ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். துலா மழை விடாமல் கொட்டிய ஓர் இரவில், மட்டாஞ்சேரியில் நான் குடியிருக்கும் சந்தில் மூன்று வீடுகளில் களவு நடந்தது. ஒரு வீட்டில் மிதிவண்டி போயிற்று. இன்னொரு வீட்டின் பின்புறத் தாழ்வாரத்திலிருந்த காஸ் சிலிண்டர் போயிற்று. மூன்றாவது வீட்டில் போனது ஒரு வெண்கலப் பானை. அந்த வீட்டு ஆச்சி நாற்பது ஆண்டுகளுக்கு முன் மணமாகிச் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து இங்கு வந்தபோது, தாய்வீட்டுச் சீராகக் கொண்டுவந்த பானை அது. விளிம்பில் அவருடைய தாயாரின் பெயர் வெட்டப்பட்டிருக்கும். ஆண்டுக்கு ஒரு நாள், தைப்பொங்கலன்று மட்டுமே அது அடுப்பில் ஏறும்.

மறுநாள் காலையில் நான் ஆச்சியிடம், "போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து வருவோம், நானும் கூட வருகிறேன்" என்றேன். அவர் சம்மதிக்கவில்லை. "தம்பி, போனது பானை. ஸ்டேஷன் படி ஏறினால் மானமும் போகும். நாம் வாடகைக்கு இருக்கிறவர்கள். வீட்டுக்காரர் என்ன நினைப்பார்?" என்று சொல்லிவிட்டார். மற்ற இரு வீட்டாரும் ஏறக்குறைய அதே விடையைத்தான் சொன்னார்கள். அந்த மூன்று களவுகளும் எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

ஆனால் ஏட்டில் ஏறாத விஷயம் வாயில் ஏறாமல் இருக்குமா? அன்று மாலைக்குள் திருடன் யார் என்பது எங்கள் சந்தில் எல்லோருக்கும் "தெரிந்துவிட்டது". சந்தின் கோடியிலுள்ள மாடி அறையில், கிடங்கு வேலைக்கு வந்த வடநாட்டு இளைஞர் நால்வர் தங்கியிருந்தனர். அவர்களை நாங்கள் "வங்காளிப் பையன்கள்" என்று சொல்லிவந்தோம். அவர்கள் வங்காளிகள் அல்லர், அஸ்ஸாம்காரர்கள் என்பதுகூட எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை நாலைந்து குடும்பத்துப் பெரியவர்கள் கூடினார்கள். மளிகைக்கடை அண்ணாச்சி பேச்சைத் தொடங்கினார். "இந்தியாவிலேயே குற்றம் மலிந்த நகரம் கொச்சிதான் என்று சர்க்கார் கணக்கே சொல்லியிருக்கிறது. நாம் சும்மா இருந்தால் நாளைக்குக் கழுத்துச் சங்கிலியும் போகும்" என்றார். மாடி அறையைக் காலி செய்யச் சொல்லி அந்த வீட்டுக்காரருக்கு ஒரு மனுக் கொடுப்பது என்று முடிவாயிற்று. எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று பெயர். ஆகவே அந்த மனுவை எழுதியவன் நானே. இதை மறைக்காமல் சொல்லிவிடவே இந்தக் கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

அண்ணாச்சி சொன்ன கணக்கு

அண்ணாச்சி பொய் சொல்லவில்லை. தேசியக் குற்றப் பதிவேடுகள் நிறுவனம் என்று மத்திய சர்க்காரின் நிறுவனம் ஒன்று 1986-ல் அமைக்கப்பட்டது. 1953 முதல் ஆண்டுதோறும் வெளிவருகின்ற இந்தியக் குற்றக் கணக்கை இப்போது வெளியிடுவது அதுவே. 2010-ஆம் ஆண்டின் கணக்கில், பெருநகரங்களுக்குள் குற்ற விகிதத்தில் முதலிடம் பெற்றது கொச்சி. லட்சம் பேருக்கு ஏறத்தாழ 1,900 வழக்குகள்! நாடு முழுவதற்குமான விகிதம் அவ்வாண்டில் 188-க்குள். அதாவது, தேசத்தின் சராசரியைப்போலப் பத்து மடங்கு. மாநிலங்களின் வரிசையிலும் கேரளமே முதலில் நின்றது, விகிதம் 424.

இதைப் படிப்பவர் கொச்சியில் பகலிலும் வெளியே தலைகாட்ட முடியாது என்றுதான் எண்ணுவார். ஆயின் இங்கே குடியிருக்கும் நாம் அறிந்தது என்ன? இரவுக் காட்சி சினிமா முடிந்து குடும்பத்தோடு நடந்து வருகிறோம். விடியற்காலை வண்டியைப் பிடிக்க இருட்டில் புறப்படுகிறோம். அப்படியானால் கணக்குத் தவறா, நாம் அறிந்தது தவறா?

இரண்டும் தவறல்ல. குற்ற விகிதம் என்பது நடந்த குற்றங்களின் எண்ணிக்கை அன்று. ஸ்டேஷனில் பதிவான வழக்குகளின் எண்ணிக்கையே. பதிவான வழக்குகளை ஜனத்தொகையால் வகுத்து லட்சத்தால் பெருக்கினால் வருவதே அந்த எண். அசட்டையாக வண்டி ஓட்டியது போன்ற சில்லறை வழக்குகளையும் விடாமல் பதிவு செய்ததே கொச்சியின் எண் அவ்வளவு உயரக் காரணம் என்று போலீஸ் அதிகாரிகள் அப்போது விளக்கம் கூறினர். புகாரை வாங்கிப் பதியும் ஊரில் எண் ஏறும். வாங்காமல் திருப்பியனுப்பும் ஊரில் எண் இறங்கும். வழக்குகள் பெருகுவதும் குற்றம் பெருகுவதும் ஒன்றல்ல என்று அந்த நிறுவனமே தன் வெளியீடுகளில் எச்சரித்திருக்கிறது.

கணக்கு எழுதும் முறையிலும் ஒரு விசேஷம் உண்டு. ஒரே வழக்கில் பல குற்றங்கள் சேர்ந்திருந்தால், அவற்றுள் கொடியது எதுவோ அது மட்டுமே கணக்கில் வரும். வீடு புகுந்து திருடி ஆளையும் கொன்றால் ஏட்டில் நிற்பது கொலை ஒன்றே, களவு மறைந்துவிடும்.

நான் ரயில்வேயில் பார்சல் பகுதிக் குமாஸ்தா. வந்திறங்கும் சரக்கில் மூட்டை குறைந்தாலும், கட்டு அவிழ்ந்திருந்தாலும் அதை எழுதி வைப்பது எங்கள் வேலையில் ஒன்று. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஓய்வு பெறும் நிலையிலிருந்த ஒரு பெரியவர் எனக்குச் சொன்னார்: "எந்த ஸ்டேஷன் ஏட்டில் குறைவு அதிகம் எழுதியிருக்கிறதோ, அங்கே திருட்டு அதிகம் என்று எண்ணிவிடாதே. அங்கே மூட்டையை எண்ணிப் பார்க்கிறவன் ஒருவன் இருக்கிறான் என்று எண்ணு. ஒன்றும் எழுதாத ஏட்டைக் கண்டால்தான் சந்தேகப்பட வேண்டும்." அவ்வார்த்தையின் முழுப் பொருளும் இந்தக் குற்றக் கணக்கைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கிற்று.

மறைக்க முடியாத குற்றம் ஒன்று உண்டு, அது கொலை. பானை போனதை மறைக்கலாம், பிணத்தை மறைப்பது கடினம். ஆகையால் இரண்டு ஊர்களை ஒப்பிட வேண்டுமானால் கொலைக் கணக்கைப் பார்ப்பதே ஓரளவு நியாயம். 2022-ஆம் ஆண்டில் நாடு முழுவதற்கும் கொலை விகிதம் லட்சத்துக்கு 2.1. கேரளத்தில் அது ஒன்றுக்கும் குறைவு. மொத்த எண்ணைக் கொண்டு பார்த்தால் முன்வரிசையில் நின்ற மாநிலம், உயிர்ச்சேதத்தைக் கொண்டு பார்த்தால் பின்வரிசைக்குப் போய்விடுகிறது.

இதனால் நம் தெருவில் பயமில்லை, கதவைத் திறந்து போட்டுத் தூங்கலாம் என்று நான் சொல்ல வரவில்லை. பானை போனது மெய்; ஆச்சியின் கண்ணீர் மெய். நான் சொல்வது, பெரிய எண்ணைக் காட்டிப் பயந்தது வீண் என்பதும், நம் சொந்தச் சந்தின் எண் பூஜ்யமாக இருந்ததே உண்மையான ஆபத்து என்பதுமே. ஒரே இரவில் மூன்று களவுகள் என்று ஏட்டில் ஏறியிருந்தால் இரவு ரோந்து எங்கள் பக்கமும் திரும்பியிருக்கும். சந்தின் கோடியில் விளக்கு எரியாமலிருந்ததும் தெரிய வந்திருக்கும். அந்த விளக்கு பல நாட்களாக எரியவில்லை. எங்களில் ஒருவர்கூட அதை எழுதித் தெரிவிக்கவில்லை.

சந்தேகம் நம் வாசலுக்கு வந்தது

மனுக் கொடுத்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். 2024 நவம்பரில் ஆலப்புழை மாவட்டத்திலும், நம் எர்ணாகுளம் மாவட்டத்து வடக்குப் பறவூர்ப் பக்கத்திலும் இரவில் வீடு புகுந்து திருடும் கூட்டத்தைப் பற்றிய செய்தி பரவிற்று. தமிழ்நாட்டிலிருந்து வந்த "குருவா" கும்பல் என்று பத்திரிகைகள் எழுதின. கண்காணிப்புப் படக்கருவியில் பதிந்த உருவங்கள் கைப்பேசிகளில் சுற்றின. குண்டன்னூர்ப் பாலத்தின் கீழ்த் தங்கியிருந்த ஒருவரைப் போலீஸார் பிடித்தனர். குற்றம் செய்தவரைப் பிடிப்பதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்க முடியாது. ஆனால் அந்த நாட்களில் கொச்சியில் தமிழ் பேசுவதே ஒரு சந்தேகத்துக்கு இடமாகிவிட்டதை நம் அங்கத்தினர் பலர் அனுபவித்திருப்பார்கள்.

என் தமக்கையின் மகன் பரீட்சை ஒன்று எழுதுவதற்காக அப்போது என் வீட்டுக்கு வந்தான். வயது பத்தொன்பது. முதுகில் பை, கையில் விலாசம் எழுதிய காகிதம். இருட்டிய நேரத்தில் பக்கத்துத் தெருவில் வீட்டு எண்களைப் பார்த்துக்கொண்டே நடந்திருக்கிறான். நாலு பேர் நிறுத்தினார்கள். பையைத் திறக்கச் சொன்னார்கள். ஒரு கடை வாசலில் முக்கால் மணி நேரம் நிற்க வைத்துவிட்டார்கள். அவன் கூப்பிட்டு நான் ஓடிப்போய், என் ரயில்வே அடையாளச் சீட்டைக் காட்டிய பிறகே விட்டார்கள். ஒருவர் என்னைத் தட்டிக்கொடுத்து, "சார் நமக்குத் தெரிந்த ஆள், நல்லவர், ஆனால் இந்தப் பாண்டிக்காரர்களை நம்ப முடியாது" என்று மலையாளத்தில் சொன்னார். அவர் அதை அன்பாகவே சொன்னார்.

வீட்டுக்கு வரும் வழியில் பையன் கேட்டான்: "மாமா, நான் என்ன செய்தேன்?"

அந்தக் கேள்விக்கு விடை சொல்ல என்னால் ஆகவில்லை. ஏனெனில் இரண்டு வாரத்துக்கு முன் என் கையாலேயே எழுதிய மனுவின் வாசகம் என் நினைவுக்கு வந்தது. "அன்னிய ஊரார், நடத்தை தெரியாதவர்கள், நம்புவதற்கில்லை" என்று எழுதியிருந்தேன். அந்த மனுவில் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினால், அது என் தமக்கை மகனுக்கு அப்படியே பொருந்தும்.

ஒரு ஜாதியையோ, ஒரு ஊராரையோ மொத்தமாகத் திருடர் என்று முத்திரையிடுவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் தமிழர்கள் நாம் பிறரிடம் கற்க வேண்டியதில்லை. வெள்ளையர் ஆட்சியில் 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. 1911-ன் சட்டத்தால் அது சென்னை மாகாணத்திலும் பரவிற்று. ஒரு குற்றமும் செய்யாதவர், பிறந்த குலத்தை முன்னிட்டு, ரேகை பதிந்து, இரவில் ஸ்டேஷனில் ஆஜர் கொடுக்க வேண்டியிருந்தது. அதை எதிர்த்த உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ந் தேதி போலீஸார் சுட்டதில் பதினைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் 1947-லும், இந்தியா முழுவதிலும் 1952-லும் அந்தச் சட்டம் நீங்கியது. சட்டம் நீங்கிய பின்னும் அதன் பார்வை நீங்கவில்லை என்பதை அந்தக் கடைவாசலில் கண்டேன். அந்தப் பார்வை என் பேனா முனையிலும் இருந்தது.

நாலாவது வீடு

மறுநாள் மனுவைத் திரும்பப் பெற வீட்டுக்காரரிடம் போனேன். காலம் கடந்துவிட்டது. நால்வரில் இருவர் அறையைக் காலி செய்துகொண்டு போய்விட்டனர். மற்ற இருவர் மாதக் கடைசிக்குள் போகவேண்டும் என்று கெடு வைத்திருந்தார். நான் தாழ்மையுடன் கேட்டுக்கொண்டதன் பேரில் அந்தக் கெடுவை அவர் நீக்கினார்.

பின்னர் மாடியேறி, முதல் முறையாக அந்த இளைஞர்களுடன் பேசினேன். எனக்குத் தெரிந்த ரயில்வே இந்தியும், அவர்கள் கற்றிருந்த மலையாளமும் போதுமானதாக இருந்தன. மன்னிப்புக் கேட்டேன். சிறிது நேரம் சும்மா இருந்துவிட்டு, அவர்களில் மூத்தவன் ஒரு விஷயம் சொன்னான். அந்த மழை இரவில் அவர்கள் அறையிலும் களவு போயிருந்தது! ஒரு கைப்பேசியும், ஊருக்கு அனுப்ப வைத்திருந்த சம்பளப் பணமும். "ஏன் போலீஸில் சொல்லவில்லை?" என்றேன். "நாங்கள் வெளியூர்க்காரர்கள். நாங்கள் போய்ச் சொன்னால் எங்களைத்தான் முதலில் பிடித்து உட்கார வைப்பார்கள்" என்றான்.

ஆச்சி சொன்ன சொல்லுக்கும் இதற்கும் என்ன பேதம்? எங்கள் சந்தில் அன்று களவு போனது மூன்று வீடுகளில் அல்ல, நான்கில். நாங்கள் திருடன் என்று சுட்டிக் காட்டியது களவு கொடுத்தவனை! உண்மையான திருடனோ, ஒருவர்கூடப் புகார் செய்யாத சந்து இது என்று கண்டு நிம்மதியாகப் போயிருப்பான்.

கேரளத்தில் வெளிமாநிலத் தொழிலாளர் ஏறத்தாழ 25 லட்சம் பேர் என்று 2013-ல் குலாட்டி நிதி ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டது. ஒரு காலத்தில் நாம் வந்து செய்த வேலைகளை இன்று அவர்கள் வந்து செய்கிறார்கள். இந்த மட்டாஞ்சேரியோ வெளியூராராலேயே ஆன ஊர். டச்சுக்காரர் காலத்தில் படைவீரரின் உடை வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களின் சந்ததியார் வேலியிலுள்ள சலவைக் கூடத்தில் இன்றும் தொழில் செய்கின்றனர். கொங்கணியரும், குஜராத்திகளும், கச்சி மேமன்களும் இங்கேயே வேரூன்றினர். 1568-ல் அரண்மனைக்கு அடுத்தாற்போல் எழுந்த யூதர் ஆலயத்தின் பெயரே "பரதேசிப் பள்ளி". நம் ஊரில் வசையாக வழங்கும் சொல், இங்கே ஒரு வழிபாட்டு இடத்தின் பெயராகக் கௌரவத்துடன் நிற்கிறது. அப்படிப்பட்ட ஊரில், நேற்று வந்தவன் இன்று வந்தவனைத் திருடன் என்பது பொருந்துமா?

நாம் செய்யக்கூடியவை

உபதேசத்தோடு நில்லாமல், குடும்பங்களுக்குப் பயன்படும் சில விஷயங்களையும் சொல்கிறேன்.

முதலாவது, களவு போனால் புகார் கொடுங்கள். பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் என்று தகவலில் தெரிந்தால் வழக்குப் பதிவது போலீஸாரின் கட்டாயக் கடமை என்று 2013-ல் லலிதா குமாரி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்திருக்கிறது. வீடு புகுந்து திருடுவது அத்தகைய குற்றமே. 2024 ஜூலை 1 முதல் அமலிலுள்ள புதிய நடைமுறைச் சட்டத்தின் 173-ஆவது பிரிவின்படி, எந்த ஸ்டேஷன் எல்லையில் நடந்தது என்று பாராமல் தகவலைப் பெறவேண்டும். முதல் தகவல் அறிக்கையின் பிரதியை இலவசமாகக் கொடுக்கவேண்டும். பதிய மறுத்தால் மேலதிகாரிக்குத் தபாலில் எழுதலாம். அதற்கும் பயனில்லையேல் மாஜிஸ்திரேட்டை அணுகலாம். இவ்வுரிமைக்குச் சொந்த வீடு வேண்டியதில்லை. இன்ன பாஷை பேசவேண்டும் என்பதும் இல்லை.

இரண்டாவது, உங்கள் பகுதிக் காவலரை அறிந்துகொள்ளுங்கள். நீதிபதி கே. டி. தாமஸ் கமிஷனின் யோசனையை ஒட்டி, 2008 மார்ச்சில் 20 ஸ்டேஷன்களில் "ஜனமைத்ரி" என்ற திட்டத்தைக் கேரளப் போலீஸார் தொடங்கிப் பின்னர் மாநிலமெங்கும் விரித்தனர். சுமார் 500 வீடுகளுக்கு ஒரு காவலர். ஒவ்வொரு வீட்டிலும் ஒருவரையேனும் அவர் நேரில் அறிந்திருக்கவேண்டும் என்பது அதன் நோக்கம். அவர் வரும்போது கதவைச் சாத்தாமல், உட்காரச் சொல்லிப் பேசுங்கள்.

மூன்றாவது, பொங்கலுக்கும் கோவில் கொடைக்கும் வீட்டைப் பூட்டிப் பாலருவி வண்டியில் ஏறுமுன், ஸ்டேஷனில் தெரிவியுங்கள். கேரளப் போலீஸாரின் கைப்பேசிச் செயலியிலும் இதற்கு வசதி உண்டு. நகையை வங்கிப் பெட்டகத்தில் வையுங்கள். ஓடும் ரயிலில் சாமான் களவு போனால் பிரயாணத்தை முறிக்க வேண்டியதில்லை. வண்டியிலுள்ள காவலரிடமோ, டிக்கெட் பரிசோதகரிடமோ படிவம் வாங்கி எழுதிக் கொடுக்கலாம். ரயிலில் உதவிக்கு 139. எங்கும் அவசரத்துக்கு 112.

நான்காவது, பாத்திரத்திலுள்ள பெயர், மிதிவண்டியின் எண், கைப்பேசியின் எண் ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அடையாளம் சொல்ல முடியாத பொருள் அகப்பட்டாலும் உங்களிடம் வந்து சேராது.

கடைசியாக, நம் தெருவில் யார் புதிதாக வந்தாலும் மூன்று நாளுக்குள் பேர் கேட்டு, ஊர் கேட்டு, நம் பேரையும் சொல்லிவிடுவோம். பூட்டுக்கு அடுத்த காவல் அதுவே.

அன்று மாலை நான்கு வீட்டாரும் சேர்ந்து ஸ்டேஷனுக்குப் போனோம். அந்த இளைஞர் இருவரும் எங்களோடு நடந்தார்கள். ஆச்சி வாசல்வரை தயங்கினார்; பிறகு தாமே முன்னே சென்று பானையின் விளிம்பில் இருந்த பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னார். காவலர் பொறுமையாக எழுதிக்கொண்டார். விளக்குக்கும் எழுதிக் கொடுத்தோம். அடுத்த வாரம் எரியத் தொடங்கியது.

பானை இன்றுவரை கிடைக்கவில்லை. எடுத்தவன் எந்த ஊரான் என்பதும் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல இப்போது பழகியிருக்கிறோம். அறிக்கையின் பிரதியை ஆச்சி தம் தகரப் பெட்டியில், தாயாரின் புகைப்படத்துக்குக் கீழே வைத்திருக்கிறார். அந்தத் தைப்பொங்கலுக்குப் புதிய பித்தளைப் பானை ஒன்றில்தான் அரிசி பொங்கிற்று. போய்விட்ட இரண்டு இளைஞர்களின் விலாசம் மட்டும் எங்களுக்கு அகப்படவில்லை. இதைப் படிக்கும் அன்பர் எவரேனும் தம் தெருவுக்குப் புதிதாக அஸ்ஸாம் இளைஞர் இருவர் குடிவந்திருக்கக் கண்டால், தயவுசெய்து அவர்களிடம் பேர் கேளுங்கள்.